பிப்ரவரி 15: சிங்கப்பூர் வீழ்ந்த நாளை ஏன் நினைவுகூர்கிறோம்?

கேள்வி (தேக்காவாசி):
நேற்று முழுமைத் தற்காப்பு நாளுக்காக மாலை 6.20க்குச் சங்கு ஒலித்ததும் என் மகன், "நாம தோத்த நாளாம்மா?" என்றான். ஜப்பானியர் ஆட்சிக்காலப் பஞ்சத்தை உணர்த்தப் பள்ளியில் மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்களாம், ருசியாகத்தான் இருந்ததாம்! சிங்கப்பூர் தனி நாடானது 1965இல். 1942இல் ஜப்பானியரிடம் சரணடைந்தது பிரிட்டிஷ் படை. அது எப்படி நம் நாளாகும்?

பதில் 1:
அந்தக் கேள்வியில்தான் விடையே இருக்கிறது, அக்கா. 'பிறர் நம்மைக் காப்பார் என்று நம்பாதே' என்ற பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. முழுமைத் தற்காப்பு (நாட்டைக் காப்பதில் எல்லாருக்கும் பங்குண்டு என்ற கொள்கை), தேசிய சேவை (இளைஞர்களின் கட்டாயப் படைப்பணி) எல்லாம் அதன்மேல் நிற்பவை.

பதில் 2:
போரில் மாண்ட பொதுமக்களுக்கான பீச் ரோடு நினைவுச்சின்னத்தைப் பாருங்கள். 1962இல் சிக்லாப் பகுதியில் போர்க்காலத்தில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தபின் சீன வர்த்தக சபை முன்னெடுத்தது. 1967இல் திறந்தபோது நான்கு இனத்துக்கும் நான்கு சம உயரத் தூண்கள். ஆனால் ஜப்பானியர் நடத்திய 'சூக் சிங்' படுகொலையில் குறிவைக்கப்பட்டவர்கள் சீனர்கள். நம் தமிழர்கள் பலர் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலையில் மடிந்தார்கள். வேறு பலர் 1943இல் பாடாங் திடலில் நேதாஜி பின்னால் அணிவகுத்தார்கள், ஜப்பானியர் துணையோடு. என் தாத்தாவும் அங்கே நின்றவர். சாகும்வரை அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அவரை எந்தத் தூணில் சேர்ப்பது?

தேக்காவாசி:
சரி, இதை எட்டு வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வது?

பதில் 2:
புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலைக்குக் கூட்டிப் போங்கள். சரணடைந்த அறையே அங்கே இருக்கிறது. அப்புறம் எஸ்பிளனேடு பக்கம் ஐஎன்ஏ (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) நினைவுப் பலகை.