எந்த வீட்டுக்கு வர்றே கவின்?

குழு: நம்ம குடும்பம்
செவ்வாய்க்கிழமை

இரவு 8:41
கவின்: மா, வெள்ளிக்கெழம லீவு எடுத்துட்டேன். ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துருவேன், சாப்பாடு வச்சிருங்க

இரவு 8:43
அம்மா: எந்த வீட்டுக்குப்பா, கிள்ளானுக்கா இங்கயா? கிள்ளான்ல யாரும் இல்லயே, அப்பா அடுத்த வாரம் தான் அங்க போறாரு

இரவு 8:44
கவின்: என்னம்மா கேள்வி இது. வீடுன்னா வீடு தான். சுங்கை சிப்புட். சாயங்காலம் பட்டர்வொர்த்ல ரயில் ஏறுவேன், அப்பாவ டேசனுக்கு வர சொல்லுங்க

இரவு 8:46
தர்ஷினி: டேய் இரு இரு. நீ இப்ப என்ன எழுதுனேன்னு திருப்பி படிச்சி பாரு. இவ்ளோ நாளா "அப்பா வாங்குன கம்பத்து கிராம வீடு"ன்னு தான் சொல்லுவே, வெறும் வீடுன்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்ல

இரவு 8:47
கவின்: அப்படியா சொன்னேன்? யோசிக்காம டைப் பண்ணிட்டேன் லா

இரவு 8:47
தர்ஷினி: அத தான் சொல்றேன். யோசிக்காம வந்துருச்சி

இரவு 8:52
குமார் சித்தப்பா: நல்ல நேரத்துல பேச்ச எடுத்தீங்க. அண்ணே, அண்ணி, கிள்ளான் வீட்டுக்கு வாடக கேட்டவங்க இன்னைக்கும் போன் அடிச்சாங்க. எல்லாம் சம்மதம், ஆனா அண்ணி பூட்டி வைக்கணும்னு சொன்ன அந்த பின் ரூமு தான் அவங்களுக்கு எடைஞ்சலா இருக்காம். மூணு பிள்ளைங்க இருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்

இரவு 8:55
அம்மா: அந்த ரூமு இருக்கட்டும் தம்பி. என் சாமானெல்லாம் அதுல தான் இருக்கு. யோசிச்சி சொல்றேன்

இரவு 9:03
விஜயா அத்தை: கவின் சொன்னத படிச்சதும் எனக்கு பால் காய்ச்சுன நாள் தான் ஞாபகம் வந்துச்சி. 2019 நவம்பர். பாதி கல்லு பாதி பலகை வீடு, மேல தகரம், உள்ள கால் வச்சா வவ்வா நாத்தம். நாங்கல்லாம் கூட்டி தொடச்சிக்கிட்டு இருக்கோம், அண்ணி நல்லா தான் வேல செஞ்சாங்க, ஆனா தோள்ல மாட்டுன ஹேண்ட்பேக்க மட்டும் கடைசி வரைக்கும் எறக்கவே இல்ல. பால் பொங்கும்போதும் தோள்ல பேக். நான் ஈப்போவுக்கு திரும்பி வர்ற வழியெல்லாம் அதையே நெனச்சிக்கிட்டு வந்தேன், இவங்க எப்படி இங்க இருக்கப் போறாங்களோன்னு

இரவு 9:08
தர்ஷினி: ஆமா அத்தை. அப்புறம் 2020 மார்ச்ல நாலு நாள் துணி எடுத்துக்கிட்டு தான் வந்தாங்க, பாட்டிக்கு காத்து மாறட்டும்னு. 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்துருச்சி, மாநிலம் தாண்டக்கூடாதுன்னுட்டாங்க. ஜூன் 10 வரைக்கும் அங்கயே. நான் ஷா ஆலாம்ல என் பையன் ஆதிய கையில வச்சிக்கிட்டு தெனம் வீடியோ கால் பண்ணுவேன், அம்மா ஒரு நாளும் சிரிச்ச முகமா இல்ல. ராத்திரி ஒரு பறவ கத்துது, யாருக்கோ ஆகாதுன்னு அழுதாங்க ஞாபகம் இருக்கா மா

இரவு 9:15
அம்மா: எப்படி மறப்பேன். அது கூகை. புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு எறைக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் தகரத்த கிழிச்ச மாதிரி ஒரு கத்து. ஊரெல்லாம் நோயி, மாமியாருக்கு வயசு, எனக்கு ஈரக்கொலையே நடுங்கும். வேலிக்கு அந்தப் பக்கத்து மலாய்க்கார பாக் சிக் கிட்ட சொன்னேன், அவரு தோட்டத்துல வேல செஞ்சவரு. மலாய்ல பூரோங் ஹந்து, பேய்ப் பறவன்னு தான் பேரு, ஆனா பேயி இல்ல, எண்ணெ எடுக்குற செம்பனை பழத்த எலி தின்னுதுன்னு தோட்டத்துலயே கம்பம் நட்டு பெட்டி வச்சி கூகைய வளக்குறாங்கன்னாரு. மறுநாள் வேலியோரமா கூட்டிட்டு போயி அந்தப் பெட்டியவும் காட்டுனாரு. இப்ப ரெண்டு ராத்திரி சத்தம் கேக்கலன்னா எங்க போச்சோ, எலிக்கு வச்ச மருந்த கிருந்த தின்னுருச்சோன்னு மனசு அடிச்சிக்குது

இரவு 9:20
கவின்: எனக்கு எப்பன்னு இப்ப யோசிச்சி பாத்தேன். போன வருஷம் டுரியான் சீசன். அப்பாவும் நானும் ராத்திரி பின்வாசல்ல டார்ச் லைட்ட வச்சிக்கிட்டு உக்காந்து இருந்தோம். அத பறிக்கக் கூடாது, பழுத்து தானா விழணும். ரெண்டு மணிக்கு பொத்துன்னு ஒரு சத்தம். அப்பா படுத்துக்கிட்டே "வேலி பக்கத்து கெள"ன்னாரு. போயி பாத்தா அங்க தான் கெடக்கு. அடுத்தது விழுந்தப்ப நானே சொல்லிட்டேன், கெணத்து பக்கம்னு. சரியா இருந்துச்சி. பினாங்குல என் ரூமுல ராத்திரி என்ன சத்தம் கேட்டாலும் அது எதுன்னு எனக்கு இது வரைக்கும் தெரியாது

இரவு 9:22
விஜயா அத்தை: அப்படி போடு

இரவு 9:24
குமார் சித்தப்பா: நான் வேணாம்னு சொன்னவன், ஒத்துக்குறேன். இ.பி.எஃப். சேமிப்பு காச எடுத்து பழைய பலகை வீட்ல போடுறாரேன்னு கோவம். ஆனா அண்ணனுக்கு ஒன்னும் கஷ்டம் இல்ல, அவரு பொறந்த மண்ணு, வந்த அன்னைக்கே ஒட்டிக்கிச்சி

இரவு 9:58
அப்பா: குமாரு நான் மெதுவா தான் டைப் பண்ணுவேன் பொறுத்து படி. நீங்க எல்லாரும் அப்படி தான் நெனைக்கிறீங்க ஆனா அது உண்ம இல்ல. ரப்பர் தோட்டத்துல நம்ம லயம், அந்த வரிச வீடுங்க, இருந்த எடத்துல இப்ப செம்பனை நிக்குது. மாரியம்மன் கோயிலும் கெணத்து சிமெண்ட் வளையமும் தான் மிச்சம். மொத ஒரு வருஷம் நான் காலையில மோட்டர எடுத்துக்கிட்டு பாசாருக்கு போறேன்னு சொல்லிட்டு அங்க போயி தான் நிப்பேன், உங்க அண்ணி சாந்திக்கும் தெரியாது. கெணத்துலேருந்து எண்ணுனா நம்ம கதவு பதினொன்னாவது. எண்ணி எண்ணி நடப்பேன் ஆனா செம்பனை வரிச நம்ம லயத்துக்கு குறுக்கால போவுது அதனால ஒரு நாளும் கணக்கு வராது, ஒரு நாள் நம்ம அடுப்படி ஒரு மரத்தடியில வரும் மறுநாள் வேற மரம். வீட்டுக்கு வந்தா இது யாரோ ஒருத்தரு வீடு மாதிரி இருக்கும். ஊரு கெடச்சிது ஆனா வீடு கெடைக்கலன்னு இருந்தேன்

இரவு 10:06
அப்பா: ஒரு நாள் மழ வர்ற மாதிரி இருந்துச்சி கொல்லயில மரவள்ளிக் குச்சி நட்டுக்கிட்டு இருந்தேன். நிமுந்து பாத்தா மணி பத்து. அப்ப தான் இன்னைக்கு அங்க போவலியேன்னு ஞாபகம் வந்துச்சி. மறுநாளும் போவல. இப்ப திருவிழாவுக்கு தான் போறேன்

இரவு 10:07
தர்ஷினி: பா இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லயே

இரவு 10:19
அப்பா: என்ன சொல்றது. உங்க தாத்தா பேரு வெட்டுனப்ப எனக்கு கல்யாணம் ஆகல. 55 வயசு ஆச்சி பேர வெட்டிட்டாங்க, வீட்டயும் காலி பண்ண சொல்லிட்டாங்க. காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல பேரு இருக்கிற வரைக்கும் தான் லயத்துல வீடு. முப்பது வருஷத்துக்கு மேல அதே ரப்பர் தீம்பார்ல இருட்டோட போயி பாலுக்கு மரம் வெட்டுன மனுஷன், வெயில் ஏறுனா பால் நின்னுடும்னு விடியறதுக்கு முன்னாடியே நெரைக்கு போயிருவாரு, அவருக்கு அந்த ஊருல நிக்க ஒரு சாண் எடம் இல்ல. கோலகங்சார்ல 1877ல நட்ட ரப்பர் மரம் ஒன்னுக்கு வேலி போட்டு இன்னும் வச்சிருக்காங்க, போன லீவுல ஆதிய கூட்டிட்டு போயி காட்டுனேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா, தாத்தாவோட அப்பா வெட்டுன மரம் எங்கன்னு கேட்டான். என்னால பதில் சொல்ல முடியல

இரவு 10:24
குமார் சித்தப்பா: அண்ணே. நான் அப்ப சின்ன பையன், லோரி ஏறுறது எனக்கு ஜாலியா இருந்துச்சி. மன்னிச்சிக்குங்க

இரவு 10:31
அம்மா: உங்க பாட்டி முழிச்சிக்கிட்டு தான் இருக்காங்க, நான் படிச்சி காட்டுனேன். அவங்க சொல்றத அப்படியே எழுதுறேன்.

"தோட்டத்த துண்டு துண்டா விக்கிறான்னு ஒரே பயமா இருந்த காலம். மந்திரி சம்பந்தன் கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாரு 1960ல, தோட்டம் தோட்டமா வந்து பேசுனாரு, 10 வெள்ளி கட்டுங்க நாமளே தோட்டம் வாங்கலாம்னு. உங்க அப்பா கட்டுனாரு. அந்த பங்கு சீட்ட பிஸ்கோத்து டின்னுல வச்சி அப்பப்ப எடுத்து பாப்பாரு. சொந்தமா நெலம்னு நாங்க பாத்தது அந்த காகிதம் தான். கம்யூனிஸ்ட் காலத்துல நான் பத்து வயசு புள்ள, இந்த ஊருல தான் 48ல தோட்டத்து வெள்ளக்கார தொரைங்கள சுட்டாங்க, அதுக்கப்புறம் லயத்த சுத்தி முள்ளுக்கம்பி, அரிசிய அளந்து அளந்து குடுப்பாங்க. அதெல்லாம் பாத்தாச்சி. எனக்கு வீடுன்னா அந்த ஆட்டுக்கல்லு தான்."

இரவு 10:33
கவின்: அடுப்படிக்கு வெளிய இருக்கே அதுவா?

இரவு 10:42
அம்மா: அது தான். "எங்க அம்மா எனக்கு சீதனமா குடுத்த கல்லு. லயத்துல நாலு தடவ வீடு மாத்தி விட்டாங்க, நாலு தடவையும் உருட்டிக்கிட்டு போனோம். கிள்ளானுக்கும் லோரியில வந்துச்சி, அங்க பைப்படியில சாஞ்சே கெடந்துச்சி, கொசு முட்ட போட்டுச்சி. இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் கழிச்சி மணியத்துகிட்ட சொன்னேன், குழி தோண்டி கல்ல பதிச்சி சிமெண்ட் போட்டுடுன்னு. அவன் யோசிச்சான், அப்புறம் எடுக்க முடியாதே மான்னான். எடுத்துக்கிட்டு எங்கடா போறதுன்னு கேட்டேன்."

இரவு 10:44
அப்பா: அன்னைக்கு சிமெண்ட் காயிற வரைக்கும் பக்கத்துலயே நாக்காலி போட்டு உக்காந்து இருந்தாங்க. கோழி மிதிச்சிருமாம்

இரவு 10:46
விஜயா அத்தை: எனக்கு கண்ணு கலங்குது. மழ பெஞ்சா அந்த தகரத்துல விழுற சத்தம் மட்டும் போதும் எனக்கு, லயத்துல மாதிரியே, பக்கத்துல பேசுறது கேக்காது

இரவு 10:49
தர்ஷினி: ஆதி இன்னும் தூங்கல. பின்னாடி ரப்பர் கொட்ட வெடிக்க ஆரம்பிச்சிருச்சான்னு கேக்குறான். போன செப்டம்பர்ல மத்தியானம் தகரத்துல டப்பு டப்புன்னு விழுறதும், இவன் ஓடி ஓடி பொறுக்குறதும். தரையில தேச்சி சூடாக்கி என் கையில வைக்கிறான், குமார் சித்தப்பா சொல்லி குடுத்த வேல. இங்க அடுக்குமாடியில தேச்சா கீழ் வீட்டுக்காரங்க கத்துறாங்க

இரவு 10:51
அப்பா: நேத்துலேருந்து வெடிக்குது. ஒரு பால் வாளி ரொம்ப எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லு

இரவு 10:53
கவின்: மா, நீங்க மட்டும் தான் சொல்லல. உங்களுக்கு எப்ப?

இரவு 10:54
அம்மா: நேரமாச்சி தூங்குப்பா

இரவு 11:47
அம்மா: எல்லாரும் தூங்கி இருப்பீங்க. எனக்கு தூக்கம் வரல அதனால எழுதுறேன். நான் கிள்ளான்ல பொறந்து வளந்தவ, தோட்டம்னா எனக்கு இவங்க சொன்ன கத தான். அந்த வீடு நானும் இவரும் மாசாமாசம் லோன் கட்டி வாங்குன வீடு, நீங்க ரெண்டு பேரும் தவழ்ந்த வீடு, 27 வருஷம். இங்க வந்தது இவருக்காகவும் அத்தைக்காகவும். தங்கணும்னு ஆனப்புறமும் என் பட்டுப்பொடவ, என் அம்மா படம், உங்க ஸ்கூல் புக்கு எல்லாத்தையும் அந்த பின் ரூமுல வச்சி பூட்டிட்டு வந்தேன். சாவி இன்னும் என் பர்ஸுல தான் இருக்கு. என்னைக்காவது திரும்பி போவேன்னு தான் வச்சிருந்தேன், இவருகிட்ட கூட சொன்னதில்ல.

போன மாசம் கல்யாணத்துக்கு கிள்ளான் போயி ரெண்டு ராத்திரி அந்த வீட்ல தங்குனோம். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து அடுப்படிக்கு போறேன், கை தானா இடது பக்கம் செவுத்த தடவுது. சுவிட்ச காணோம். தடவுறேன் தடவுறேன், வெறும் செவுரு. அப்புறம் தான் ஒறச்சிது, கிள்ளான்ல சுவிட்சு வலது பக்கம், இடது பக்கம் இருக்குறது இங்க. 27 வருஷம் போட்டு அணைச்ச சுவிட்சு. அது மட்டும் இல்ல, வாசப்படியில குனிஞ்சி தான் நொழஞ்சிருக்கேன், அங்க நெல ஒசரம், குனியவே வேணாம். இங்க அந்த தாழ்ந்த விட்டத்துல மூணு மாசம் தினமும் இடிச்சி இடிச்சி நெத்தி வீங்கி பழகுனது, என் கழுத்து அத அங்கயும் கொண்டுக்கிட்டு வந்துருச்சி. இருட்டுல அப்படியே நின்னுட்டேன். லைட்டு கூட போடல. எனக்கு அழுக வந்துச்சி, கிள்ளான் வீட்டுக்கு துரோகம் பண்ணிட்ட மாதிரி இருந்துச்சி. விடிஞ்சதும் இவரு இன்னொரு நாள் இருந்துட்டு போலாமான்னு கேட்டாரு. கருவேப்பில கன்னுக்கு தண்ணி ஊத்தணும் போலாம்னு சொல்லிட்டேன்

இரவு 11:50
அப்பா: படிச்சிட்டேன்

புதன்கிழமை

காலை 6:35
அம்மா: பக்கத்துல படுத்துக்கிட்டு போன்ல "படிச்சிட்டேன்"னு அனுப்புறாரு பாருங்க. கவின், வெள்ளிக்கெழம தோச மாவு ஆட்டுறேன், உங்க பாட்டி கல்லுல தான் ஆட்டணும்னு சொல்லிட்டாங்க, வந்து சுத்தி குடு

காலை 6:38
கவின்: சரிமா

காலை 7:10
குமார் சித்தப்பா: அண்ணி, இப்ப தான் படிச்சேன். வாடகக்காரங்க விஷயம் அவசரம் இல்ல, ரூமு பூட்டியே இருக்கட்டும், நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்

காலை 7:22
அம்மா: வேணாம் தம்பி. மூணு பிள்ளைங்கன்னு சொன்னீங்களே, அந்த ரூமையும் சேத்தே குடுத்துடுங்க. அடுத்த வாரம் இவரு வரும்போது சாவிய குடுத்து அனுப்புறேன். சாமானெல்லாம் ஒரு லோரி புடிச்சி ஏத்தி விடுங்க, அந்த இரும்பு அலமாரியும். காலையில வாசக்கதவ அளந்து பாத்துட்டேன், நொழையும்