மறு: டைம் லூப் – காலச்சுழலா, கால மடக்கா?

வணக்கம். ஒரே காலப்பகுதி திரும்பத் திரும்ப நடக்கும் ‘டைம் லூப்’ என்ற கதைக்கருவுக்கு நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சுக்கு இது என் மறுமொழி. காலச்சுழல், காலச்சுழற்சி, காலவளையம் என்பவற்றைவிட ‘கால மடக்கு’ பொருந்தும் என்பது என் கருத்து.

> காலச்சுழல் என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, சரி. ஆனால் என்னவென்று புரிகிறது என்பதில்தான் எனக்குச் சிக்கல். இதுவரை இங்கே வந்த சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற அமெரிக்க அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரின் ‘காஸ் அண்ட் எஃபெக்ட்’ பகுதியை மறுபடி பார்த்தேன். ஐந்தாம் பருவத்தில், 1992 மார்ச்சில் ஒளிபரப்பானது. தொடரின் 178 பகுதிகளில் இந்தக் கருத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டியது வேறில்லை என்பது என் எண்ணம். நாம் ஆக்கும் சொல் எதுவானாலும் இந்தக் கதைக்குப் பொருந்தியாக வேண்டும்.

தொடக்க இசை வருவதற்கு முன்பே கதை நடக்கும் விண்கப்பலான எண்டர்பிரைஸ் வெடித்துச் சிதறிவிடுகிறது. அடுத்த காட்சியில் எதுவுமே நடக்காததுபோல் நால்வர் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு மருத்துவர் கிரஷருக்கு இரவில் குரல்கள் கேட்கின்றன, ஒரு கண்ணாடிக் குவளை கீழே விழுந்து உடைகிறது, விண்வெளியில் ஏதோ ஒரு திரிபு தென்படுகிறது, அதிலிருந்து இன்னொரு கப்பல் பாய்ந்து வந்து மோதுகிறது, மறுபடி வெடிப்பு, மறுபடி சீட்டாட்டம். இதில் சுழல் எங்கே இருக்கிறது? சுழல் என்றால் ஆற்றுச்சுழல், உள்ளே இழுப்பது, நில்லாமல் சுற்றுவது. இங்கே காலம் மோதல்வரை நேராகவே போகிறது, அங்கே அறுபட்டுப் பின்னால் வந்து விழுகிறது. உள்ளே இருப்பவர்களுக்குச் சுற்றுகிறோம் என்ற உணர்வு துளியும் கிடையாது. காலச்சுழற்சி இன்னும் சிக்கல். பருவம் மாறி வருவதையும் யுகம் மாறி வருவதையும் அப்படித்தான் சொல்கிறோம். கார்காலம் திரும்ப வருகிறது, ஆனால் போன ஆண்டு பெய்த மழை திரும்பப் பெய்வதில்லை. டைம் லூப்பில் வருவது அதே இரவு, அதே சீட்டு.

‘காலவளையம்’ நல்ல சொல். அதை நான் ஒதுக்கவில்லை, இயற்பியலுக்கு வைத்துக்கொள்வோம் என்கிறேன். 1949-இல் கணித அறிஞர் கர்ட் கோடல், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்குக் கண்ட தீர்வில், முன்னோக்கியே போய்க்கொண்டிருக்கும் ஒருவர் தன் இறந்தகாலத்துக்கே வந்து சேரும் மூடிய பாதைகள் உண்டு. அங்கே எதுவும் அழிந்து மறுபடி தொடங்குவதில்லை. பாதை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு வளையம் அப்படியே பொருந்தும். இந்தக் கதையில் நடப்பது வேறு. கடைசியில் வெளியே உள்ள நேரத்தோடு ஒப்பிட்டால் கப்பலின் கடிகாரம் 17.4 நாள் பின்தங்கியிருக்கிறது. அதாவது அண்டம் முழுக்கத் தன்பாட்டுக்கு முன்னே போயிருக்கிறது, அந்த ஒரு பகுதி மட்டும் திரும்பத் திரும்ப மடங்கியிருக்கிறது.

மடங்குதல் என்ற வினையை யோசித்தே எழுதுகிறேன். மடங்குதலுக்குத் திரும்புதல் என்ற பொருள் பழைய தமிழிலேயே உண்டு. கணிப்பொறிப் பாடநூல்களில் நிரலின் லூப்பை ‘மடக்கு’ என்று படித்தவர்கள் இங்கேயே பலர் இருப்பீர்கள். இதற்கெல்லாம் மேலாக அணியிலக்கணத்தில் மடக்கு இருக்கிறது. அதே எழுத்துகள் திரும்ப வரவேண்டும், ஆனால் பொருள் மாறி வரவேண்டும். “மாலை வந்தது, மாலை வாடியது” என்றால் முதலில் பொழுது, அடுத்தது பூ. இந்தப் பகுதி நடப்பதும் இப்படித்தான்! இயக்கியவர் ஜோனதன் ஃப்ரேக்ஸ், கப்பலின் துணைத்தலைவர் ரைக்கராக நடிப்பவரும் அவரே. எடுத்த காட்சியையே வெட்டி ஒட்டாமல் ஒவ்வொரு முறையும் கேமரா கோணத்தை மாற்றிப் புதிதாகப் படமாக்கியிருக்கிறார். முதல்முறை சீட்டுக் கலைப்பதைப் பார்க்கும்போது அது வெறும் சீட்டாட்டம். பிறகு அடுத்து எந்தச் சீட்டு விழும் என்று கிரஷரே முன்கூட்டிச் சொல்லும்போது அதே மேசை, அதே கைகள், நமக்கு உள்ளுக்குள் நடுக்கம். குவளையை இடம் மாற்றி வைத்தும் உடைகிறது, அந்த ஓசைக்கு இப்போது வேறு அர்த்தம். சொல் மாறாமல் பொருள் மாறுவதற்கு நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு பெயர் இருக்கும்போது அதை விட்டுவிட்டுச் சுழலைத் தேடிப் போவானேன்?

> அப்படியானால் ‘கால அந்தாதி’ இன்னும் பொருத்தமல்லவா?

அழகான யோசனை, நானும் கொஞ்ச நேரம் அதிலேயே மயங்கிக் கிடந்தேன். ஆனால் அந்தாதியில் ஒவ்வொரு பாட்டும் புதுப்பாட்டு, நுனி மட்டும்தான் தொட்டுக்கொள்கிறது. முடிவே தொடக்கத்துக்குக் காரணமாகும் கதைகள் தனி வகை, எதிர்காலத்திலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்து அதே கடிதத்தை எழுதுவது மாதிரி. அதற்குக் ‘காரண அந்தாதி’ என்று வைத்தால் மிகப் பொருந்தும். அதைத் தனிப்பதிவாகப் போடுவோம்.

மடக்கு நாற்காலி, ஒரு மடக்குத் தண்ணீர் என்று வேறு பொருள்கள் இருப்பதால் குழப்பம் வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘கால’ என்ற அடை முன்னால் நிற்கும்போது யாரும் நாற்காலியை நினைக்கமாட்டார்கள். விண்வெளி மடிவதைச் சொல்லும் ‘வெளி மடிப்பு’ வேறு, அது மடிப்பு. இது மடக்கு.

கிளைச்சொற்கள் எளிதாக வருகின்றன என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். காலம் மடங்கியது, மடங்கிய இரவு, மடங்குபுள்ளி (எங்கே அறுபட்டுத் திரும்புகிறதோ அது). ஒரு தடவை நடந்து முடிவதைச் சுற்று என்றே சொல்லலாம். முந்தைய சுற்றிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது எச்சநினைவு. கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. கப்பலில் பணிபுரியும் மனித உருவ இயந்திரமான டேட்டா அடுத்த சுற்றுக்குத் தனக்கே அனுப்பும் செய்தி வெறும் ‘3’ என்ற எண். சீட்டிலும் கருவிகளிலும் எங்கு பார்த்தாலும் மூன்றாக வருகிறது. கடைசி நொடியில் ரைக்கரின் கழுத்துப்பட்டியில் பதவியைக் காட்டும் மூன்று பொட்டுகள் இருப்பதைப் பார்த்து, மோதலைத் தவிர்க்க இத்தனை சுற்றிலும் தான் சொன்ன வழி தவறு, அவர் சொன்னதே சரி என்று டேட்டா உணர்கிறார். ‘எச்சநினைவு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த இடம் எவ்வளவு தெளிவாகிறது பாருங்கள்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. சீட்டாட்டத்தின்போது, இது முன்பே நடந்ததுபோல் இருக்கிறது என்ற உணர்வுக்கு கிளிங்கன் என்ற வேற்றுலக இனத்தைச் சேர்ந்த அதிகாரி வோர்ஃப் தன் மொழியில் ஒரு சொல் சொல்கிறார், நிப்போ. வசனத்தில் எளிதாக உட்காரும் சின்னச் சொல். அதே உணர்வைச் சொல்லும் தேஜா வூவுக்கு நம் பட்டியலில் இருப்பதோ ‘முன்னனுபவப் பிரமை’. வசன வரியில் அது உட்காராது. ‘முன்கண்டமை’, ‘பழகுணர்வு’ என்றெல்லாம் முயன்றேன், இரண்டுமே மனத்துக்கு ஒட்டவில்லை. மூன்று நான்கு எழுத்துக்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். கால மடக்குக்கு வேறு மறுப்பு வராவிட்டால் கீழே உள்ளபடி பதிவைச் சேர்த்துவிடலாம்.

கால மடக்கு (பெயர்): ஒரு குறிப்பிட்ட காலப்பகுதி முடிந்ததும் தொடக்கத்துக்கே மீண்டு, அதே நிகழ்வுகள் திரும்ப நடத்தல். உள்ளிருப்போருக்கு நினைவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.