ஆசிரியையிடம் பேசும் மகள் என்னிடம் ஏன் பேசுவதில்லை?

கேள்வி:
என் மகளுக்கு 15 வயது. வீட்டில் எதைக் கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்று கதவைச் சாத்திக்கொள்பவள், தன் அறிவியல் ஆசிரியையிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுகிறாள் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில்தான் அறிந்தேன். அவளது நோட்டின் ஓரத்தில் அந்த ஆசிரியை சிவப்பு மையில் எழுதிய "நன்று" என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கட்டம் போட்டிருக்கிறாள். அதைக் கண்டதும் மகிழ்ச்சியைவிடப் பொறாமையே முந்திக்கொண்டது. நான் எங்கே தவறினேன்?

பதில் 1:
தவறு என்று ஏன் முடிவுகட்ட வேண்டும்? நிதானித்து யோசிக்க உதவும் முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயது வரை ஆகிறது. உணர்ச்சிகளைக் கிளறும் பகுதிகளோ அதற்கு வெகுமுன்பே விழித்துக்கொள்கின்றன. பள்ளியில் நாள் முழுவதும் அடக்கிவைத்த எரிச்சலை, எப்படிப் பேசினாலும் தன்னைக் கைவிடாத இடம் என்று அவள் நம்பும் வீட்டில்தான் கொட்டுவாள். ஆனால் தூக்கம், பசி, தோழிகள் ஆகிய மூன்றிலும் இரண்டு வாரங்களுக்கு மேல் மாற்றம் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள்.

பதில் 2:
நானும் ஓர் ஆசிரியை. என்னிடம் மனம் திறக்கும் மாணவியர் பெரும்பாலும் தங்கள் தாயைப் பற்றியே பேசுகிறார்கள். எந்தப் பேச்சும் கடைசியில் மதிப்பெண்ணில் போய் முடிகிறது என்பதே அவர்களுடைய குறை. தயவுசெய்து அந்த ஆசிரியையிடம் உளவு கேட்காதீர்கள். தெரியவந்தால் உங்கள் மகள் உங்கள் இருவரையும் இழப்பாள்.

பதில் 3:
எனக்கு இப்போது 19 வயது. நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் எனக்கு அது விசாரணையாகவே தோன்றும். அம்மாவும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவர் எதுவும் கேட்காதபோதுதான், நானாகவே பேசத் தொடங்கினேன்.