வீட்டில் நோயாளியைப் பார்க்கிறவருக்குத் தனி உதவித்தொகை கேட்பது பேராசையா?

கொடைரோடு:
ரேஷன் அட்டை இழையில் கணக்கர் ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "வீட்டில் நோயாளியைக் கவனிக்கிற பெண்களுக்காகத்தான் அரசு மாதம் 1000 ரூபாய் உரிமைத்தொகை தருகிறது. அதற்கு மேல் தனி உதவித்தொகை கேட்பது பேராசை" என்று எழுதியிருந்தார். பதில் சொல்லத்தான் இந்த இழை.

என் மாமனார் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். நுரையீரல் அடைப்பு நோய். ஆக்சிஜன் இயந்திரம் இல்லாமல் கழிப்பறை வரைக்கும்கூட நடக்க முடியாது. மூக்குக் குழாய் உரசிக் காதுக்குப் பின்னால் புண்ணாகும், அங்கே பஞ்சு வைத்துச் சுற்றவேண்டும். குப்பியில் தண்ணீர் மாற்றவேண்டும், வடிகட்டியைக் கழுவிக் காயவைக்கவேண்டும். ராத்திரி மூச்சு முட்டினால் எழுப்பி உட்காரவைத்து முதுகைத் தாங்குவது நான்தான். தையல் வேலையை விட்டாச்சு. மாமியார் பேரில் உரிமைத்தொகைக்கு எழுதிப்போட்டோம். வருடத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் என்று தள்ளிவிட்டார்கள். அவ்வளவு மின்சாரமும் எதனால் ஆனது? அந்த இயந்திரத்தால்.

கணக்கர்:
நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை. 2023 செப்டம்பர் 15-ல் திட்டம் தொடங்கியபோதே, பெண்களின் ஊதியமில்லாத உழைப்புக்கு அங்கீகாரம் என்றுதான் சொன்னார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் வாங்குகிறார்கள். உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதற்காகத் திட்டமே இல்லை என்று ஆகிவிடாது.

3600 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 600. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏசி இல்லாத வீடு அதைத் தொடாது.

கொடைரோடு:
எங்கள் வீட்டில் ஏசி இல்லை. நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் தருகிற இயந்திரம் சுமார் 350 வாட். நாள் முழுக்க ஓடினால் 8.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 504. மிச்சம் 96 யூனிட்டில் விளக்கு, மின்விசிறி, மிக்ஸி, குளிர்பதனப்பெட்டி எல்லாம் ஓட்டவேண்டும். வாரியத்தில் இருந்தவருக்கு இந்தக் கணக்கு வரவில்லையா?

கணக்கர்:
வரும். வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொல்லும்போது மருத்துவர்கள் சொல்வது 15 மணி நேரம். 15 மணி நேரத்துக்கு 5.25 யூனிட். வருடத்துக்கு 1916. உங்களுடைய 3600-ல் பாதியை ஒட்டித்தான் வருகிறது. மீதி எங்கே போனது?

கொடைரோடு:
15 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். குறைந்தபட்சம்! எடுத்துவிட்டால் அவர் உதடு நீலமாகிறது. மீதி ஒன்பது மணி நேரத்துக்கு உங்கள் வாரியத்திலிருந்து காற்று அனுப்புகிறீர்களா?

தாமிரபரணி:
3600 கிடக்கட்டும் அக்கா. என் அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. குடும்பத் தலைவி என்று அவர் பேரில் ஆயிரம் வருகிறது. இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைக்கிறது நான், துடைத்துவிடுகிறது நான். எனக்கு ஒரு பைசா கிடையாது, ஏனென்றால் நான் ஆண். ஒரு அட்டைக்கு ஒரு பெண், அவ்வளவுதான் விதி. பார்க்கிறவர் யார் என்று அந்தப் படிவத்தில் கேள்வியே இல்லை. அதை விட்டுவிட்டு எல்லாரும் பெண்கள், பெண்கள் என்றே எழுதுகிறீர்கள்.

கொடைரோடு:
தம்பி, நீங்கள் பார்ப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டாரைக் கவனிப்பதில் ஈடுபடுகிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 134 நிமிடம், ஆண்கள் 76. பெண்கள் என்று எழுதாமல் எப்படி எழுதுவது?

தாமிரபரணி:
அந்த 76-லும் நான் இருக்கிறேன் அல்லவா? நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம்.

பாலக்காட்டுத் தமிழச்சி:
எங்கள் பக்கம் கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்று ஒன்று இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கிற ஆளுக்கென்றே மாதம் 600 ரூபாய். ஆணா பெண்ணா, மின்சாரம் எவ்வளவு என்ற பேச்சில்லை. தொகை ஒழுங்காக வருவதில்லை, மாதக்கணக்கில் பாக்கி நிற்கும், அது வேறு விஷயம். ஆனால் பார்க்கிறவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை அரசு தாளில் எழுதிவைத்திருக்கிறது.

கணக்கர்:
600 ரூபாய், அதுவும் பாக்கி. அதற்கு எங்கள் 1000 மேல் இல்லையா? போன மாதம் பேருந்து இழையிலும் கேரளம் கேரளம் என்றுதான் வந்தீர்கள்.

இன்னொன்று. பெற்றவர்களைப் பார்ப்பதற்குக் கூலி கேட்கிற காலம் வந்துவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது. என் அம்மாவை என் மனைவி கடைசி வரைக்கும் பார்த்தாள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. பெற்றவர்களைப் பார்க்கவேண்டும் என்று 2007-லேயே சட்டம் போட்டாயிற்று. கடமைக்கு எதற்குத் தொகை?

கொடைரோடு:
அந்தச் சட்டத்தைப் படித்திருக்கிறீர்களா ஐயா? பார்க்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரைக்கும் வாங்கித் தரலாம் என்கிறது. பார்க்கிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அதில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்த வரிசையிலேயே இல்லை. சட்டப்படி என் மாமனாரைப் பார்ப்பது என் கடமைகூட இல்லை. இருந்தும் பார்க்கிறேன், மனசாரப் பார்க்கிறேன். அதைக் கடமை என்ற ஒரு வார்த்தையில் மூடப் பார்க்காதீர்கள்.

உங்கள் மனைவி முகம் சுளிக்கவில்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அவரைக் கொஞ்சம் இங்கே எழுதச் சொல்லுங்கள்.

கணக்கர்:
வீட்டுப் பெண்களை இழுக்காதீர்கள். நிர்வாகி கவனிக்கவும்.

நடுநிலை (நிர்வாகி):
இருவரும் தனிப்பட்ட பேச்சை விடுங்கள். தலைப்பு உதவித்தொகை பற்றியது.

வன்னியூரான்:
லண்டனிலிருந்து எழுதுகிறேன். கணக்கர் ஐயா சொன்ன அதே வாதத்தை இங்கேயும் சொன்னவர்கள். 1976-ல் பராமரிப்பாளர் படி தொடங்கினபோது மணமான பெண்களுக்குத் தரவில்லை, அவர்கள் எப்படியும் வீட்டில்தானே நிற்கிறவர்கள் என்று சொல்லி. ஒரு பெண் வழக்குப் போட்டு, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986-ல்தான் அந்தத் தடை நீங்கினது. இப்போதும் சொர்க்கம் இல்லை. கிழமைக்கு 35 மணித்தியாலம் பார்க்கவேண்டும். 2025 ஏப்ரலில் கிழமைக்கு 83 பவுண்டும் சில்லறையும் ஆக்கினார்கள். வெளியில் வேலை செய்து உழைக்கிறதுக்கு ஒரு வரம்பு, அப்போது கிழமைக்கு 196 பவுண்டு; அதற்கு மேல் ஒரு பவுண்டு கூடினாலும் அந்தக் கிழமைப் படி முழுதும் போய்விடும். தெரியாமல் கூடுதலாக உழைத்த எத்தனையோ பேரிடம் ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்டார்கள்.

கணக்கர்:
பவுண்டில் சம்பாதிக்கிறவர்கள் நமக்குப் பாடம் எடுக்கவேண்டாம். இங்கே மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே வருகிறது. அங்கே வருமா?

வன்னியூரான்:
வரும் ஐயா. தாதிமார் வீட்டுக்கு வருவினம். விசாரித்துவிட்டு எழுதுங்கோ.

கொடைரோடு:
இங்கேயும் வருகிறார்கள், இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தத் தங்கச்சி வந்து மாமாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும். நல்ல பிள்ளை. ஆனால் என் இடுப்பு நிமிர்கிறதா, நான் தூங்கினேனா என்று கேட்க அதன் நோட்டில் கட்டமே கிடையாது. எனக்கு ரொக்கம்கூட இரண்டாவது. மாதத்தில் இரண்டு நாள் பழகின ஒரு ஆள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், என் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு வருவேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பராமரிப்பாளர் யார் என்று தெளிவாக இருக்கிறது: பெற்றோரோ குடும்பத்தாரோ, பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்றும் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் சொல்கிற 21 வகைக் குறைபாட்டில் மாமாவின் நுரையீரல் நோய் வராது. அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான 2000 ரூபாய்ப் பராமரிப்புத் தொகையும் இல்லை. ஒரு பக்கம் வியாதி பட்டியலில் இல்லை, இன்னொரு பக்கம் 3600 யூனிட். நான் எந்தக் கதவைத் தட்டட்டும்?

தாமிரபரணி:
அக்கா, அந்த 2000-மும் நோயாளி கணக்குக்குத்தான் போகிறது. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன், நீங்கள் காதிலேயே வாங்கவில்லை.

கணக்கர்:
தட்டவேண்டிய கதவைத்தான் நீங்கள் தட்டவில்லை. விண்ணப்பம் தள்ளுபடியானால் 30 நாளைக்குள் கோட்டாட்சியருக்கு இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம். செய்தீர்களா? அதற்குப் பதில் இல்லை. 15 மணி நேரக் கணக்குக்கும் இன்னும் பதில் இல்லை.

கொடைரோடு:
செய்தோம். வந்து பார்த்தவர் மின்சார ரசீதைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்க்க உள்ளே வரவில்லை. 15 மணி நேரம் குறைந்தபட்சம் என்று மேலே எழுதியிருக்கிறேன், கண்ணைத் திறந்து படியுங்கள்.

பாலக்காட்டுத் தமிழச்சி:
யூனிட் கணக்கை ஓரமாக வையுங்கள். வந்து உட்கார ஒரு ஆள் கேட்டார் இல்லையா, அதைப் பேசலாமே?

கணக்கர்:
யூனிட் கணக்குத்தான் அடிப்படை. அதன் மேல்தான் இவர் இழையே தொடங்கியிருக்கிறார். மின்சார ரசீதைப் போடட்டும், பார்ப்போம்.

கொடைரோடு:
நாளைக்குப் போடுகிறேன், ஆறு ரசீதும். 3600 தாண்டியது எதனால் என்று ஊரே பார்க்கட்டும்.

கணக்கர்:
மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டையும் சேர்த்துப் போடுங்கள். அதில் எத்தனை மணி நேரம் என்று இருக்கிறது, பார்த்துவிடலாம்.