புதுப்பிப்பு: கரிசல் மண் வீட்டு அஸ்திவார விரிசல் – கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது?

விரிசல் இன்னும் நகர்கிறதா என்று பார்க்க, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் எபாக்சிப் பசை வைத்து ஒட்டி, தேதி எழுத முன்பு சொல்லியிருந்தேன். கண்ணாடி உடைந்துவிட்டது, இனி என்ன என்று பலரும் கேட்கிறார்கள்.

உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். அதில் சிமென்ட் பூசாதீர்கள். கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். இறுகிய பூச்சு அதோடு சேர்ந்து அசையாது, பக்கத்திலேயே புது விரிசல் விடும். மேஸ்திரி எவ்வளவு வற்புறுத்தினாலும் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் தளம், வெளிப்பக்கம் 3 செ.மீ. சரிவு. சுவருக்கும் தளத்துக்கும் இடையிலான இடுக்கில் பாலியூரித்தேன் சீலன்ட் (நெகிழும் அடைப்புப் பசை). மாடித் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டினால் இத்தனையும் வீண். சுவரை ஒட்டி நிற்கும் பெரிய மரமும் கோடையில் ஈரத்தை உறிஞ்சும்.

புதிதாக ஒட்டிய கண்ணாடி ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் உடையாமல் தாண்டினால் தையல் போடலாம், அதாவது விரிசலின் குறுக்கே கம்பி பதித்து இணைக்கலாம். செங்கல் வரிசைகளுக்கு இடையிலான கலவையை 3–4 செ.மீ. ஆழம் சுரண்டி, தூசி ஊதி, நனைத்து, 6 மி.மீ. துருப்பிடிக்காத முறுக்குக் கம்பியைச் சுருங்காத கிரவுட்டில் (இடுக்கை நிரப்பும் கலவை) பதியுங்கள். கம்பி விரிசலின் இருபக்கமும் 50 செ.மீ. போகவேண்டும், உயரத்தில் 45 செ.மீ.க்கு ஒன்று.

விரிசல் 5 மி.மீ.க்கு மேல் அகலம், கதவு சிக்குகிறது, தரை சாய்கிறது என்றால் இதெல்லாம் வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.