மலைக் குளிரில் வெள்ளைப்புள்ளி நோய், வழி சொல்லுங்கள்

வணக்கம். கோத்தகிரியில் இருக்கிறோம். வீட்டில் 60 லிட்டர் மீன்தொட்டி. ஆறு மோலி, நான்கு கோரிடோராஸ். மூன்று வாரம் முன்பு கீழே மேட்டுப்பாளையம் போனபோது இரண்டு மோலி வாங்கி வந்து, தனியாக வைத்துப் பார்க்காமல் நேரே தொட்டியில் விட்டேன். தப்பு என்னுடையதுதான், திட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது வால், துடுப்பெல்லாம் உப்பு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உடம்பை உரசுகின்றன. நேற்று ஒன்று செத்துவிட்டது. பஞ்சு மாதிரி எதுவும் படரவில்லை, அதனால் பூஞ்சை இல்லை என்று நினைக்கிறேன்.

சிக்கல் குளிர்தான். இந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. கீழே விழுந்து பெருகி, அதன் குஞ்சுகள் தண்ணீரில் நீந்தும்போதுதான் மருந்தில் சாகும். 25 டிகிரியில் ஒரு வாரத்தில் முடிகிற சுற்று, எங்கள் 18 டிகிரி தண்ணீரில் இழுத்துக்கொண்டே போகிறது. ஐந்து நாள் மருந்து ஊற்றி, புள்ளி மறைந்ததும் நிறுத்தினேன். அடுத்த வாரமே முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது.

ஹீட்டர் வாங்கிவிட்டேன். மெதுவாக 28 வரை ஏற்றலாமா? சூடு ஏறினால் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் ஓடுகிறது. ஆனால் மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போனால் சில சமயம் அரை நாள் ஆகும். திடீரென்று தண்ணீர் குளிர்ந்தால் அதுவே மீனைக் கொன்றுவிடாதா?

அப்புறம் உப்பு. மோலி தாங்கும், கோரிடோராஸுக்கு ஆகாது என்கிறார்கள். லிட்டருக்கு ஒரு கிராம் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஊட்டி, குன்னூர் பக்கம் மீன் வளர்ப்பவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.