புகைக்கூட்டு மூடி: உப்புக்காற்றைத் தாங்குவது எது?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உப்புவெளியில், கடலுக்கு அருகே எங்கள் வீடு. அம்மா இன்றும் விறகடுப்பில்தான் சமைக்கிறார். எரிவாயு அடுப்பு தேநீருக்கு மட்டும். மார்கழி மழை புகைக்கூடு வழியே நேராக அடுப்புக்குள் இறங்குகிறது. வெயில் காலத்தில் மைனா கூடு கட்டுகிறது. போன கிழமை கரி பூசிய அணில் ஒன்று மீன்சட்டிக்குப் பக்கத்தில் குதித்தது. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்காவே ஓடிவந்துவிட்டார்.

முன்பு போட்ட தகர மூடியை 2 வருடத்தில் உப்புக்காற்று தின்றுவிட்டது. துருப்பிடிக்காத உருக்கில் 304ஐ விட 316 வகை கடற்கரைக்கு உகந்தது, விலைதான் கூடுதல். அது திருகோணமலையில் கிடைக்குமா, கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டுமா?

சுற்றிலும் வலையும் வேண்டும். நுளம்பு வலை போல நெருக்கமாக இருந்தால் கரி அடைத்துப் புகை வீட்டுக்குள் திரும்பும். கண் பெரிதானால் அணில் நுழைந்துவிடும். அரை அங்குலமா, முக்கால் அங்குலமா? புகைக்கூட்டின் வாய் 9 அங்குலச் சதுரம். மூடிக்கும் வாய்க்கும் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? குரங்கு பிடித்து ஆட்டினாலும் கழலக்கூடாது.

ஐப்பசிக்கு முன் பூட்ட வேண்டும். செய்தவர்கள் படமும் செலவும் பகிருங்கள். சீமெந்துப் பலகையால் மூடச் சொல்லாதீர்கள். மாமா ஏற்கெனவே பத்துத் தடவை சொல்லிவிட்டார்.